வேகாஸில் இரண்டு இரவு, உப்பில் ஒரு பகல்

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் மூன்று பேருக்கும் மூன்று ஆசை. கணவருக்குக் கடற்கரை, மகளுக்கு நியூயார்க், எனக்கு வீட்டிலேயே தூங்குவது. கடந்த நவம்பரில் மகள் கல்லூரியில் இருந்தாள். கணவருக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. எனக்கு மட்டும் நான்கு நாள் லீவு மீதி இருந்தது. டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் போய்விடும்.

“நீ தனியா எங்கேயாவது போயிட்டு வாயேன்” என்றார் கணவர்.

“சரி, வேகாஸ் போறேன்” என்றேன், விளையாட்டாகத்தான்.

அவர் சிரிக்கவில்லை. “நீயா?” என்றார்.

அந்த “நீயா?”வுக்குக் காரணம் உண்டு. நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தீபாவளிக்கு நண்பர்கள் வீட்டில் சீட்டுக் கச்சேரி ஆரம்பித்தால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். பள்ளி விழாவில் குலுக்கல் டிக்கெட் விற்றால்கூட, “காசைத் தந்துடறேன், டிக்கெட் வேண்டாம்” என்பேன். இதற்கெல்லாம் காரணம் என் அப்பா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் கணவர் “நீயா?” என்று கேட்ட அந்த நிமிடத்தில்தான் விளையாட்டு நிஜமானது. ஏன் நான் போகக் கூடாது?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்கு ஏறக்குறைய 270 மைல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். ஞாயிறன்று வேகாஸிலிருந்து திரும்பி வரும் பக்கம்தான் நெரிசல். போகிற பக்கம் காலியாக இருக்கும். அறை வாடகையும் ஞாயிறு முதல் வியாழன் வரை பாதிக்குப் பாதி குறைவு. (ஆனால் ‘ரிசார்ட் ஃபீ’ என்று ஒன்றைச் செக்-இன் செய்யும்போது தனியாகத் தீட்டுவார்கள். முன்பதிவு செய்யும்போதே அதையும் கூட்டிப் பாருங்கள்.)

கஹோன் கணவாய் ஏறி இறங்கினால் மொஹாவி பாலைவனம் தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் புதர், தொலைவில் மொட்டை மலை. ‘முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டால் அதுவே பாலை’ என்று பள்ளியில் தமிழ் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாலை என்றால் பிரிவு. பொருள் தேடத் தலைவன் பாலையைக் கடந்து போவான், தலைவி வீட்டில் காத்திருப்பாள். இங்கே தலைவன் வீட்டில் லேப்டாப் முன்னால். தலைவி பொருளைத் தொலைப்பதற்காக மணிக்கு 70 மைலில் பாலையைக் கடந்துகொண்டிருக்கிறாள்.

பார்ஸ்டோ தாண்டி பேக்கர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கோபுரம் மாதிரி. அது ஏன் 134 அடி? பக்கத்தில் இருக்கும் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் பதிவானது. நம் கணக்கில் 56.7 டிகிரி செல்சியஸ். உலகத்தின் அதிகபட்ச வெப்பநிலையாக இன்றுவரை அதுதான் அதிகாரபூர்வமாக இருக்கிறது. நான் அந்தத் தெர்மாமீட்டரின் கீழே நின்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டேன். டெத் வேலிக்குப் போகும் யோசனை அப்போது எனக்கு இல்லை.

வேகாஸைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ‘லாஸ் வேகாஸ்’ என்றால் ஸ்பானிஷில் புல்வெளிகள். 1905-ல் ரயில்வேக்காரர்கள் நிலத்தை ஏலம் விட்டு உருவாக்கிய ஊர். 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டுதான் பக்கத்தில் ஹூவர் அணையின் கட்டுமானமும் தொடங்கியது. நாம் படத்தில் பார்க்கிற பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ‘ஸ்ட்ரிப்’பின் பெரும்பகுதி சட்டப்படி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. ‘பாரடைஸ்’ என்ற பகுதியில் இருக்கிறது. சொர்க்கம்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். 200 டாலரை இரண்டு கவரில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ‘ஞாயிறு’, ‘திங்கள்’ என்று எழுதியிருந்தேன். ஒரு இரவுக்கு 100. அது தீர்ந்தால் அறைக்குப் போய்த் தூங்கிவிட வேண்டியது. கணக்கு எழுதுகிறவள் அல்லவா!

முதல் இரவு திட்டப்படியே நடந்தது. பெல்லாஜியோவின் நீரூற்று நடனத்தை மூன்று முறை நின்று பார்த்தேன். 1998 முதல் ஆடிக்கொண்டிருக்கிறதாம், காசில்லாமல் பார்க்கலாம். பிறகு நான் தங்கியிருந்த இடத்தில் ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். முன்பு போல இழுக்கும் கைப்பிடி கிடையாது, பட்டன்தான். மணி அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ‘வென்றாய்’ என்று ஆரவாரம் செய்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு டாலர் வைத்ததற்கு நாற்பது சென்ட் திரும்ப வந்திருக்கும். அறுபது சென்ட் நஷ்டத்துக்கு இவ்வளவு மேளதாளம்! எழுபது டாலர் போனதும் சலித்துப்போய் எழுந்துவிட்டேன். ‘இவ்வளவுதானா? இதற்கா அப்பா…’ என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு உப்பளத்தில் அப்பா கணக்குப்பிள்ளை. உப்பு வாரும் ஆட்களின் கூலிக்கணக்கு, லாரிக்கணக்கு எல்லாம் அவர் கையில். ஒரு பைசா தப்பாது. அதே மனிதர் சாயங்காலம் சைக்கிளில் வரும்போது பரிசுச்சீட்டுக் கடையில் நின்றுவிட்டுத்தான் வருவார். அரசாங்கமே நடத்திய சீட்டு. தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாலு, பிறகு வேறு மாநிலச் சீட்டுகள். கடைசி எண் ஏழில் முடிய வேண்டும் என்று தேடித் தேடி வாங்குவார். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஒரு பொங்கல் பம்பருக்காக அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தார். திருப்ப முடியவில்லை. அடகு மூழ்கிப்போனது. அம்மா அதற்குப் பிறகு பல வருடம் மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தாள்.

“விழாதுன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா வாங்குறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பேப்பர்ல ரிசல்ட் வர்ற வரைக்கும் நானும் பணக்காரன்தான பிள்ள” என்றார்.

அந்தப் பதிலை நான் மன்னிக்கவில்லை. அமெரிக்கா வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்பினேன், அம்மா பெயருக்கு. அப்பாவோடு போனில் பேசுவேன்: மாத்திரை சாப்பிட்டீங்களா, மழை பெய்யுதா. அவ்வளவுதான். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனைக்கே தடை வந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நான் போனில் அப்பாவிடம், “நல்லதாப் போச்சு” என்றேன். “ஆமாம்மா” என்று மட்டும் சொன்னார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

திங்கள் இரவுக்கு வருகிறேன். மீதி 30, புதுக் கவர் 100, ஆக 130 டாலரோடு ரூலெட் மேசைக்குப் போனேன். அதன் கணக்கு எனக்குத் தெரியும். அமெரிக்கச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். மொத்தம் 38 குழி. நீங்கள் வைத்த எண் விழுந்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள். நியாயமாகப் பார்த்தால் 37 தர வேண்டும். அந்த இரண்டுதான் வீட்டுக்காரரின் பங்கு. வைக்கிற ஒவ்வொரு நூறு டாலருக்கும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் அவர்களுக்கு. கேட்க அற்பமாக இருக்கிறதல்லவா? ஆனால் நாம் அதே பணத்தைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறோம். ஒரு சுற்றுக்கு 15 டாலர், மணிக்கு நாற்பது சுற்று என்றால் 600 டாலர் வைத்திருப்போம். சராசரியாக மணிக்கு 31 டாலருக்கு மேல் நஷ்டம். இதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

மூன்று எண்ணில் ஐந்தைந்து டாலர் வைத்தேன். ஒன்று என் பிறந்தநாள், ஒன்று மகளுடையது. மூன்றாவதாகக் கை தானாக 7-க்குப் போனது.

எட்டாவதோ ஒன்பதாவதோ சுற்றில் 7 விழுந்தது. 175 டாலர்! பக்கத்தில் இருந்த யாரோ முதுகில் தட்டினார். காது அடைத்துக்கொண்டது. அப்போது நான் நினைத்தது பணத்தை அல்ல. ‘அப்பா, உங்க நம்பர் விழுந்துடுச்சு’ என்றுதான் நினைத்தேன்.

எழுந்து போயிருக்க வேண்டிய நேரம் அது. போகவில்லை. ஒரு கட்டத்தில் என் முன்னால் 340 டாலர் இருந்தது. கேசினோவில் கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது பெரிய விஷயமில்லை. என் கையில் வாட்ச் கட்டியிருந்தேன், பார்க்கவில்லை. உருளை சுற்ற ஆரம்பித்ததும் நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது. விழுவதைவிட, விழுவதற்கு முன்னால் இருக்கும் அந்த அரை நிமிடம்தான் வேண்டியிருந்தது. அந்த அரை நிமிடத்தில் எனக்கு வயது இல்லை, வேலை இல்லை, வீட்டுக் கடன் இல்லை.

340-ம் போனது. இரவு ஒன்றே முக்காலுக்கு ஏ.டி.எம்.மில் இன்னும் 300 எடுத்தேன். அதற்குக் கட்டணம் வேறு. மூன்று மணிக்கு அதுவும் இல்லை.

லிஃப்டில் ஏறும்போதுதான் உறைத்தது. அது எங்கள் ஜாயின்ட் அக்கவுன்ட். பணம் எடுத்தால் இருவர் போனுக்கும் மெசேஜ் போகும்.

500 டாலர் எங்கள் குடும்பத்தைக் கவிழ்த்துவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் கவரில் கிழமை எழுதிக்கொண்டு போனவள், விடிவதற்குள் ஏ.டி.எம். முன்னால் நின்றேன். இரண்டு பவுன் சங்கிலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? என்னிடம் வேறு பணம் இருந்தது. அவரிடம் இல்லை. அது ஒன்றுதான்.

காலை ஏழு மணிக்குக் கணவரிடமிருந்து மெசேஜ். ‘எழுந்தாச்சா? சாப்பிட்டியா?’ வேறொன்றும் இல்லை.

வந்த வழியே போனால் நான்கு மணி நேரத்தில் வீடு. எனக்கு நான்கு மணி நேரம் போதாது போலிருந்தது. ‘டெத் வேலி வழியா சுத்தி வர்றேன். அங்க சிக்னல் இருக்காது, பயப்படாதீங்க. ராத்திரி வந்துடுவேன்’ என்று பதில் அனுப்பிவிட்டு 160-ஆம் சாலையைப் பிடித்தேன்.

மலை ஏறி இறங்கினால் பரம்ப் என்ற ஊர். பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் விலை கண்ணைக் கட்டும். தண்ணீர் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போவதுதான் நல்லது. கோடையில் அங்கே காரை விட்டு இறங்கி நடப்பது உயிரோடு விளையாடுவது. நுழைவுக் கட்டணம் நான் போனபோது ஒரு காருக்கு 30 டாலர். ஏழு நாள் செல்லும்.

டெத் வேலி ஜங்ஷனில் ஒரு பழைய வெள்ளைக் கட்டடம் இருக்கிறது: அமர்கோசா ஆபரா ஹவுஸ். 1967-ல் மார்த்தா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக்காரி இந்த வழியாக வரும்போது வண்டி டயர் பஞ்சர் ஆகி இங்கே நின்றார். கைவிடப்பட்டுக் கிடந்த இந்தக் கூடத்தைப் பார்த்து, வாடகைக்கு எடுத்து, இங்கேயே தங்கிவிட்டார். நடனம் பார்க்க ஆள் வர வேண்டுமே? சுவர் முழுக்க ராஜா ராணி முதல் கன்னியாஸ்திரீகள் வரை பார்வையாளர்களை அவரே ஓவியமாக வரைந்து வைத்தார். பாலைவனத்தின் நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். 2017-ல் காலமானார். அதுவும் ஒரு சூதாட்டம்தான், இல்லையா? பூட்டியிருந்த கதவின் முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

டெத் வேலி என்ற பெயருக்கும் தங்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கிளம்பிய கூட்டத்தில் சிலர் குறுக்கு வழி என்று நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டார்கள். வண்டி மாடுகளை அடித்துச் சாப்பிடும் நிலை. அவர்களில் வில்லியம் மேன்லி, ஜான் ராஜர்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் உதவி தேடி நடந்தே போனார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அவர்கள் இனி வர மாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், உணவோடு திரும்பி வந்து குடும்பங்களை மீட்டார்கள். தப்பிப் போனவர்கள் அப்படியே போயிருக்கலாம். திரும்பி வந்தார்கள். அந்தத் துயரத்தில்தான் இந்த இடத்துக்கு ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வந்தது. ஆனால் டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது பல நூறு ஆண்டுகளாகச் சொந்த ஊர். இன்றும் ஃபர்னஸ் க்ரீக் பக்கம் வாழ்கிறார்கள். நமக்கு மரணப் பள்ளத்தாக்கு, அவர்களுக்கு வீடு.

ஸப்ரிஸ்கி பாயின்ட்டில் நின்று மஞ்சளும் பழுப்புமாக மடிந்து கிடக்கும் குன்றுகளைப் பார்த்துவிட்டு, ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து தெற்கே 17 மைல் போனேன். பேட்வாட்டர். வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் செங்குத்தான மலையில் வெகு உயரத்தில் ஒரு பலகை தெரியும். அதுதான் கடல் மட்டம். அண்ணாந்து பார்த்துக் கடலைத் தேடுகிற இடம்.

முன்னால் முழுக்க வெள்ளை. நானும் முதலில் பனி என்றுதான் நினைத்தேன். இறங்கி நடந்தேன். கால் வைத்ததும் நறநறவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் என் காலுக்குத் தெரியும்.

உப்பு. மழைநீர் மலையிலிருந்து உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளியே போக வழியில்லாமல் இங்கேயே தேங்கி, வெயிலில் வற்றி, ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்த உப்பு. பெரும்பகுதி நாம் சாப்பிடும் அதே சோடியம் குளோரைடு. பாத்தி கட்டினது மாதிரி, பல கோணங்களில் வரப்பு வரப்பாக எழும்பி நிற்கிறது. 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயல் மழைக்கு இங்கே தண்ணீர் நின்று தற்காலிக ஏரியாகி, மறு வருடம் மக்கள் படகு விட்டார்கள். நான் போனபோது பொட்டுத் தண்ணீர் இல்லை.

சின்ன வயதில் லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அளத்தில் வெளிச்சம் இப்படித்தான் கண்ணைக் குத்தும். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு அப்பா நிற்பார். காலில் வெடிப்பு, சட்டையில் உப்புப் பூத்திருக்கும். யாருடைய உப்பையோ, யாருடைய லாபத்தையோ நாள் முழுக்க எண்ணி எழுதுகிற மனிதர். அந்த வெள்ளையின் நடுவில் வருடக்கணக்காக நின்றவருக்குச் சாயங்காலம் ஒரு சீட்டு. ரிசல்ட் வரும் வரைக்கும் அவருக்கும் ஒரு அரை நிமிடம்.

அவர் செய்தது சரி என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் “நல்லதாப் போச்சு” என்று போனில் சொன்னேனே, அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்று இருந்தது. “ஆமாம்மா” என்றபோது அவர் குரல் எப்படி இருந்தது என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

குனிந்து தொட்டேன். விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன். கல்லுப்பேதான். தேசியப் பூங்காவில் எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. எனவே கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரமே இறங்கிவிட்டது. இருட்டில் 127-ஆம் சாலையில் எதிரே ஒரு வண்டிகூட இல்லாமல் வெகு தூரம் ஓட்டினேன். பேக்கரில் அந்த ராட்சதத் தெர்மாமீட்டர் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. போனும் உயிர் பெற்றது. முதலில் கணவரைக் கூப்பிட்டேன்.

“ஏங்க, நேத்து ராத்திரி…”

“மெசேஜ் பாத்தேன். நீ முதல்ல பத்திரமா வீட்டுக்கு வா. பேசிக்கலாம்.”

ஊரில் அப்போது விடிந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். காபி போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

“அம்மா, நான் சூதாடி ஐந்நூறு டாலர் விட்டுட்டேன்.”

“நீயா?”

“நான்தான்.”

“நம்ம காசுல எம்புட்டு?”

“நாப்பதாயிரத்துக்கு மேல வரும்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“உங்கப்பா மகதான நீ” என்றாள். பிறகு, “கழுத்துச் சங்கிலி இருக்குல்ல?”

“இருக்கும்மா.”

“அப்ப சரி. ராத்திரி நேரம், பாத்து வண்டி ஓட்டு.”